‘வரும் எண்’ எங்கிருந்து வரும்? ஓர் உதவிப் பக்கத்தைப் புதியவர்களுக்காகத் திருத்தி எழுதிய நிகழ்வு ஆய்வு

ஓர் இணையச் சேவையின் உதவிப் பகுதியில் இருந்த ஒரே ஒரு பக்கத்தைப் பற்றியது இந்த ஆய்வு. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குவது எப்படி என்று, அதுவரை அப்படி ஒன்றைச் செய்தே அறியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. பக்கத்தில் தகவல் பிழை ஒன்றும் இல்லை, ஒற்றுப்பிழைகூட இல்லை. இருந்தும் அதைப் படித்த புதியவர்கள் பாதி வழியில் நின்றார்கள். அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுதியது பழையதைவிடப் படிக்க இனிமையாக இருந்தது, பழையதைப் போலவே பயன்படாமலும் போனது. இரண்டாவது முறை எழுதியதைவிட, முதல் முறை ஏன் தோற்றது என்பதைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டியதும் கணக்கைத் திறந்துவிடாமல், இரண்டாவதாக ஓர் எண்ணையும் கேட்பது இருபடிச் சரிபார்ப்பு. அந்த எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சேவைகள் உண்டு. இந்தச் சேவை அப்படி அனுப்புவதில்லை. பயனரின் கைபேசியில் உள்ள அத்தென்டிகேட்டர் வகை ஆப் ஒன்று அந்த எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டும். இதற்கான முறை, இணையத்தின் தொழில்நுட்ப முறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் 2011-இல் 6238 என்ற எண்ணுடன் வெளியான ஆவணத்தில் விவரிக்கப்பட்டிருக்கிறது. சேவைக்கும் ஆப்புக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரு தரப்பும் தனித்தனியே கணக்கிடும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் கணக்கு திறக்கும். வழக்கமாக 30 நொடிக்கு ஒரு முறை எண் மாறும். அந்தச் சாவியை முதல் முறை ஆப்புக்குள் சேர்ப்பதற்காகத்தான் திரையில் க்யூஆர் குறியீடு தோன்றுகிறது. இந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு செய்தியும் பின்னால் ஒருவருடைய இடறலாகத் திரும்பி வரும் என்பதால்தான் இவ்வளவு விரித்தேன்.

பழைய பக்கம்

பழைய பக்கத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

“கணக்குப் பாதுகாப்பினை மேம்படுத்தும் பொருட்டு இருபடிச் சரிபார்ப்பு வசதி வழங்கப்பட்டுள்ளது. பயனர் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, இவ்வசதியினைத் தேர்ந்தெடுத்து, அங்கீகாரச் செயலியினைத் திறந்து, திரையில் தோன்றும் விரைவுத் துலங்கல் குறியீட்டினை வருடி, உருவாக்கப்படும் ஒருமுறைக் குறியெண்ணினை உள்ளிட்டு உறுதிசெய்தல் வேண்டும். மீட்புக் குறியீடுகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளவும்.”

இதைப் படித்தவுடன் எவரும் சொல்லக்கூடிய குறை, சொற்கள் கடினம் என்பது. எனக்கும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆனால் இலக்கண அமைப்பில் அதைவிடப் பெரிய இரண்டு குறைகள் இருக்கின்றன. அவை தமிழுக்கே உரியவை என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, எச்சங்களின் தொடர். தமிழில் எத்தனை வினையெச்சங்களை வேண்டுமானாலும் கோத்து, கடைசியில் ஒரே ஒரு முற்றுவினையால் வாக்கியத்தை முடிக்கலாம். சென்று, தேர்ந்தெடுத்து, திறந்து, வருடி, உள்ளிட்டு, உறுதிசெய்தல் வேண்டும் என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கதை சொல்லும்போது இந்த ஓட்டம் அழகும்கூட. ஆனால் வழிகாட்டிப் பக்கத்தைப் படிப்பவர் வாக்கியத்தை ஒரே மூச்சில் படித்து முடிப்பதில்லை. ஒரு செயலைப் படித்துவிட்டுத் திரைக்குப் போகிறார், அதைச் செய்கிறார், மீண்டும் பக்கத்துக்கு வருகிறார். வரும்போது அந்த நீண்ட வாக்கியத்தில் எந்த எச்சத்தில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. முற்றுவினைதான் அவருக்கு இளைப்பாறும் இடம். அது ஆறு செயல்களுக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது.

இரண்டாவது, செய்பவர் யார் என்பதை மறைக்கும் செயப்பாட்டுவினை. “உருவாக்கப்படும் ஒருமுறைக் குறியெண்” என்றால் அதை உருவாக்குவது யார்? ஆப்பா, இணையதளமா, படிப்பவரேயா? தெரிந்தவருக்கு இது கேள்வியாகவே தோன்றாது. புதியவர் மூன்றில் ஒன்றை ஊகித்துக்கொள்கிறார். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு; வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். செயப்பாட்டுவினையும் பெயரெச்சமும் சேர்ந்தால் அந்த உதவியும் போய்விடுகிறது.

முதல் திருத்தம்

இந்த இரண்டையும் நான் ஓரளவு உணர்ந்திருந்தாலும், என் முதல் திருத்தம் முழுக்கச் சொற்களின் மேலும் நீளத்தின் மேலும் கவனம் வைத்தது. இணையத்துக்கு எழுதுபவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு எனக்குத் துணையாக இருந்தது. ஜான் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்சன் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட அந்த முடிவுகளின்படி, சோதிக்கப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள்; 16 விழுக்காட்டினர்தான் சொல்சொல்லாகப் படித்தார்கள். ஒரே செய்தியைப் பாதி நீளத்தில் எழுதியபோது பயன்படுதன்மை 58 விழுக்காடு கூடியது என்றும் அதில் இருந்தது. ஆகவே வெட்டு என்பதே மந்திரம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆய்வில் பயன்படுத்தப்பட்டது ஒரு மாநிலத்தைப் பற்றிய சுற்றுலாத் தகவல் தளம் என்பதையும், தகவலைத் தேடுபவரும் ஒரு செயலை முதன்முறையாகச் செய்து பார்ப்பவரும் ஒரே வாசகர் அல்லர் என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை.

எழுதியது இதுதான்:

“உங்கள் கணக்கை இன்னும் பாதுகாப்பாக வைக்க இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அமைப்புகளுக்குச் செல்லுங்கள். அத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். வரும் எண்ணை உள்ளிடுங்கள். மீட்புக் குறியீடுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.”

உடன் வேலை செய்தவர்கள் பாராட்டினார்கள். எளிமையாகத்தான் இருக்கிறது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எளிமையை எண்ணால் அளந்து காட்டலாமா என்றும் பார்த்தேன். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம் வாக்கியத்தில் உள்ள சொற்களின் எண்ணிக்கையையும் சொல்லில் உள்ள அசைகளின் எண்ணிக்கையையும் கொண்டு ஆங்கில உரையின் கடினத்தைக் கணக்கிடும். தமிழில் அது கைகொடுக்காது. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில், “வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும்” என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் மூன்று. பொருள் மாறாமல் இடைவெளியை மட்டும் மாற்றினாலே உரை கடினமாகவும் எளிதாகவும் மாறிவிடும் அளவுகோலை என்ன செய்வது? அதைக் கைவிட்டேன். மிஞ்சியது ஒரே வழி: படிக்கப் போகிறவரை உட்காரவைத்துப் பார்ப்பது.

அருகில் அமர்ந்து பார்த்தது

ஐந்து பேரை ஒவ்வொருவராக அழைத்தோம். எண்ணிக்கைக்குப் பெரிய காரணம் இல்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான இடறல்கள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதியிருந்ததும், எங்களுக்கு இருந்த நேரமும் ஒத்துப்போயின. அனைவரும் கைபேசியைத் தினமும் பயன்படுத்துபவர்கள். எவரும் இருபடிச் சரிபார்ப்பைத் தாங்களாக இயக்கியதில்லை. பக்கத்தைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, பேசக் கூடாது. எழுதியவன் அருகில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடியிருப்பது எவ்வளவு சிரமம் என்பதை அன்று அறிந்தேன்.

முதலாமவர் “அத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து” என்ற இடத்தில் நின்றார். கைபேசியில் அப்படி ஒன்று இல்லை. இந்தச் சேவையின் ஆப்புக்குள்ளேயே எங்காவது இருக்கும் என்று முடிவு செய்து, அதன் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். அது தனியாக நிறுவ வேண்டிய வேறோர் ஆப் என்று பக்கத்தில் எங்கும் இல்லை. என் கைபேசியில் அது பல ஆண்டுகளாக இருந்ததால், நிறுவுதல் என்பது ஒரு படி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அடுத்தவரிடம் அந்த ஆப் ஏற்கெனவே இருந்தது. வேறொருவர் எதற்காகவோ நிறுவிக் கொடுத்திருந்தார். அவரைத் தடுத்தது “வரும் எண்ணை உள்ளிடுங்கள்” என்ற வரி. எண் வரும் என்று போட்டிருக்கிறது, ஆகவே காத்திருந்தார். குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். “சிக்னல் இல்லையோ” என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் அங்கே நின்ற அந்த நேரம்தான் இந்த ஆய்வின் மையம் என்று சொல்வேன். “வரும்” என்பதைவிட எளிய சொல் தமிழில் இருக்க முடியுமா? பழைய பக்கத்தின் “உருவாக்கப்படும்” என்பதை நான்தான் அப்படி எளிமையாக்கினேன். கடினமான சொல் அவரைச் சந்தேகப்படவாவது வைத்திருக்கும். எளிய சொல்லோ அவரை உறுதியாகத் தவறான இடத்துக்கு அனுப்பிவைத்தது.

மூன்றாமவர் பக்கத்தைக் கைபேசியிலேயே படித்தார். க்யூஆர் குறியீடும் அதே கைபேசியின் திரையில் தோன்றியது. கேமராவைத் திறந்தார், குறியீடு இருந்த பக்கம் மறைந்தது. பக்கத்துக்குத் திரும்பினார், கேமரா மறைந்தது. தன் திரையைத் தன் கேமராவாலேயே எப்படிப் படம்பிடிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உங்கள் போனைக் கொஞ்சம் தர முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். கொடுத்திருந்தால் அவருடைய கணக்கின் ரகசியச் சாவி என் கைபேசிக்குள் வந்திருக்கும். இரண்டாவது பூட்டின் சாவியை வேறொருவரிடம் ஒப்படைப்பதற்கு நான் எழுதிய பக்கமே வழிகாட்டியிருக்கும். கணினித் திரையில் பக்கத்தையும் கையில் கைபேசியையும் வைத்துக்கொண்டு எழுதியவனுக்கு இந்த நிலைமை கற்பனையில்கூட வரவில்லை. குறியீட்டுக்குக் கீழே, ஸ்கேன் செய்ய முடியாதவர்களுக்காக, சாவியை எழுத்தும் எண்ணுமாகக் காட்டும் ஒரு வழி திரையில் இருந்தது. நான் அதைச் சொல்லவே இல்லை.

நான்காமவர் ஒழுங்கானவர். ஆப் காட்டிய ஆறு இலக்க எண்ணைக் குறிப்பேட்டில் எடுத்து எழுதி, மேலே “புதிய பாஸ்வேர்ட்” என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, பிறகு நிதானமாகத் திரையில் தட்டினார். எண் செல்லாது என்று வந்தது. எண் இணையம் வழியே போய்ச் சேரும் தாமதத்துக்காக முந்தைய 30 நொடியின் எண்ணையும் சேவைகள் ஏற்றுக்கொள்வதுண்டு. அடிக்கோடு போடும் அளவு நேரத்தை எந்தச் சேவையும் கொடுப்பதில்லை. அவர் தட்டச்சில் தவறு செய்துவிட்டதாக நினைத்து, குறிப்பேட்டைப் பார்த்து அதே எண்ணை மூன்று முறை தட்டினார்.

ஐந்தாமவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். ஆப்பை நிறுவினார், குறியீட்டைக் கணினித் திரையிலிருந்து ஸ்கேன் செய்தார், எண்ணை உடனுக்குடன் தட்டினார். ஒவ்வொரு முறையும் எண் தவறு என்றே வந்தது. எனக்கும் காரணம் விளங்கவில்லை. அவருடைய கைபேசிக் கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எங்கும் தாமதமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக அவர் அதைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தார். ஆப் நேரத்தைக் கொண்டே எண்ணைக் கணக்கிடுவதால், அது காட்டியதெல்லாம் பத்து நிமிடம் கழித்துச் செல்லுபடியாகும் எண்கள்.

மீட்புக் குறியீடுகள் வரை போனவர்களிடம் அவற்றை என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். திரைப்பிடிப்பு எடுத்து அதே கைபேசியில் வைத்திருக்கிறேன் என்பதே விடை. கைபேசி தொலைந்தால் கணக்கைத் திறப்பதற்காகத் தரப்படும் குறியீடுகள் அவை. “பத்திரமாக” என்றால் அவர்களுக்குக் கைபேசிதான். படங்கள், முகவரிகள், எல்லாம் அங்கேதானே பத்திரமாக இருக்கின்றன? அவர்கள் சொன்னபடி செய்தவர்கள். சொன்னதில்தான் பொருள் இல்லை.

எழுதியவருக்குத் தெரியாதது

எழுத்துக் குற்றங்கள் பத்தை வரிசைப்படுத்தும் நன்னூல், குன்றக் கூறலை முதலில் வைத்து மிகைபடக் கூறலை அடுத்ததாக வைக்கிறது. இணைய எழுத்தைப் பற்றிய இன்றைய அறிவுரைகளில் பெரும்பாலானவை இரண்டாவதை மட்டுமே துரத்துகின்றன. என் முதல் திருத்தம் மிகையை நீக்கிக்கொண்டே போய்க் குன்றக் கூறலில் முடிந்தது. ஐந்து இடறல்களில் ஒன்றுகூடக் கடினமான சொல்லால் ஏற்படவில்லை. ஐந்தும் சொல்லப்படாத ஒன்றால், அல்லது அரைகுறையாகச் சொல்லப்பட்ட ஒன்றால் நேர்ந்தவை.

சொல்லாமல் விட்டதை எழுதியவர் தாமே கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் தொல்லை. ஒன்றை அறிந்தபின், அதை அறியாதிருந்த நிலையை மனத்தில் கொண்டுவர முடிவதில்லை; காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகிய மூவரும் 1989-இல் எழுதிய பொருளியல் கட்டுரையில் இதை அறிவின் சாபம் என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டே எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்றைத் தந்தார். ஒருவர் தமக்குத் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் மதிப்பிட்டார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவருக்கு மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல்தான். “வரும் எண்ணை உள்ளிடுங்கள்” என்று நான் எழுதியபோது எனக்குள் ஓடியது, ஆப்பின் திரையும் அதில் மாறிக்கொண்டிருந்த எண்ணும். ஜன்னலுக்குப் போனவருக்குக் கிடைத்தது மூன்று சொற்கள்.

மீண்டும் எழுதியது

இரண்டாவது முறை சொற்களிலிருந்து தொடங்காமல், ஒவ்வொரு படியிலும் படிப்பவர் கையில் என்ன இருக்கிறது, திரையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். பக்கத்தின் தலையிலேயே ஒரு கேள்வி வந்தது: இந்தப் பக்கத்தைக் கணினியில் படிக்கிறீர்களா, கைபேசியிலா? விடைக்கு ஏற்ப வழி பிரிந்தது. கைபேசி வழியில் க்யூஆர் குறியீடு என்ற பேச்சே இல்லை. சாவியை நகலெடுத்து ஆப்பில் ஒட்டும் முறையும், அந்தச் சாவியை எவருக்கும் அனுப்பக் கூடாது என்ற எச்சரிக்கையும் மட்டும் இருந்தன.

எண் கேட்கும் இடம் இப்படி மாறியது:

“இப்போது அத்தென்டிகேட்டர் ஆப்பைத் திறந்து பாருங்கள். அது ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டும். இந்த எண் குறுஞ்செய்தியில் வராது. ஆப்பில் இந்த நொடி தெரியும் எண்ணை ‘சரிபார்ப்பு எண்’ என்ற பெட்டியில் தட்டுங்கள். எண் 30 நொடிக்கு ஒரு முறை மாறும். ஆகவே அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். தட்டி முடிப்பதற்குள் மாறிவிட்டால் புதிய எண்ணைத் தட்டுங்கள்.

எண் தவறு என்று வந்தால், கைபேசியின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆப் நேரத்தை வைத்துத்தான் எண்ணைக் கணக்கிடுகிறது. கடிகாரம் முன்னாலோ பின்னாலோ இருந்தால், தேதி-நேர அமைப்பில் தானியங்கி நேரத்தை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.”

முதல் திருத்தத்தில் மூன்றே சொற்களாக இருந்தது இங்கே இரண்டு பத்திகள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு முற்றுவினை இருக்கிறது. ஆப் செய்வது எது, படிப்பவர் செய்ய வேண்டியது எது என்பது வினையின் விகுதியிலேயே தெரிகிறது: காட்டும், கணக்கிடுகிறது என்பவை ஆப்பின் வேலை, பாருங்கள், தட்டுங்கள் என்பவை படிப்பவரின் வேலை. இடறலுக்கான தீர்வு, பக்கத்தின் அடியில் ‘பொதுவான சிக்கல்கள்’ என்ற தலைப்பின் கீழ்ப் போய்ச் சேராமல், இடறல் நேரும் படியிலேயே இருக்கிறது. சிக்கிக்கொண்ட புதியவர் பக்கத்தின் அடிக்குப் போய்த் தேடுவதில்லை. தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து அதையே திரும்பச் செய்கிறார்.

காரணம் சொல்வதா வேண்டாமா என்பதில் நெடுநேரம் தடுமாறினேன். ரகசியச் சாவியும் நேரமும் சேர்ந்து எண்ணாவதை விளக்க ஆரம்பித்தால் அது நன்னூல் சொல்லும் மற்றொன்று விரித்தலாகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால், எண்ணுக்கும் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று படிப்பவர் அந்த வரியைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவார். காரணம் தெரியாததால் ஒருவர் தவறாக ஒன்றைச் செய்யவோ, சொன்னதைச் செய்யாமல் விடவோ வாய்ப்பு இருக்கும் இடத்தில் மட்டும், ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொல்வது என்று கடைசியில் முடிவு செய்தேன். மீட்புக் குறியீட்டுக்கும் அதே முறைதான்: “கைபேசி தொலைந்துபோனால் உங்களுக்கு உதவப் போவது இந்தக் குறியீடுகள். ஆகவே இவற்றைக் கைபேசியில் வைக்காதீர்கள். தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.” பழைய பக்கத்தில் இந்தச் செய்தி எல்லாப் படிகளுக்கும் பிறகு இருந்தது, அதைப் படிக்கும்போது குறியீடுகள் இருந்த திரையை மூடிவிட்டிருப்பார்கள். இப்போது அந்தத் திரை தோன்றுவதற்கு முந்தைய படியிலேயே தாளும் பேனாவும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறோம்.

பெயர்களில் ஒரே விதியை வைத்துக்கொண்டேன். பொத்தானில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பக்கத்திலும் இருக்க வேண்டும். பொத்தானில் ‘தொடர்க’ என்று இருந்தால், அது எனக்குப் பிடிக்காவிட்டாலும், பக்கத்தில் ‘தொடரவும்’ என்றோ ‘மேலே செல்லவும்’ என்றோ எழுதுவதில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை கெடும் என்று பள்ளியிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். செயலி, ஆப், மென்பொருள் என்று மூன்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டால், புதியவர் மூன்று பொருள்களைத் தேடுவார் என்று எவரும் சொல்லித் தரவில்லை. அதே போல ‘வலப்பக்கம் உள்ள நீலப் பொத்தான்’ போன்ற குறிப்புகளையும் எடுத்துவிட்டேன். 2008-இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.0 பதிப்பு, வடிவம், இடம் போன்றவற்றை மட்டும் நம்பி அறிவுறுத்தக் கூடாது என்கிறது; திரையை வாசித்துக் கேட்பவருக்கு நீலமும் இல்லை, வலமும் இல்லை. கைபேசியில் படிப்பவருக்குக்கூட வலப்பக்கப் பொத்தான் கீழே போய்விடுகிறது.

எதிர்ப்புகள்

இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஆப், ஸ்கேன் போன்ற சொற்களைப் பற்றியது ஒன்று. செயலி, வருடுதல் என்று நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது ஏன் இவை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ‘கடவுச்சொல்’லைப் புதியவர்களும் தயங்காமல் புரிந்துகொண்டதால் அதை அப்படியே வைத்தேன், ‘பதிவிறக்கம்’ என்பதும் இடறவில்லை. ‘விரைவுத் துலங்கல் குறியீடு’ என்பதை மட்டும் ஒருவரும் க்யூஆர் குறியீட்டோடு தொடர்புபடுத்தவில்லை. கலைச்சொல் பரவ வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. கணக்கின் பூட்டை மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் சொற்பாடம் எடுப்பது முறையில்லை என்பதே என் நிலை. பொருளை ஏற்கெனவே அறிந்தவர்கள் படிக்கும் கட்டுரைகளில் அந்தச் சொற்களை நானும் புழங்குகிறேன்.

நீளத்தைப் பற்றிய எதிர்ப்பு இதைவிட வலுவானது. பழகியவர்கள் எரிச்சலடைந்தார்கள், மூன்று வரியில் முடியவேண்டியதை ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது வெறும் பொறுமையின்மை இல்லை. புதியவருக்குத் துணையாகும் விளக்கமே தேர்ந்தவருக்குச் சுமையாகிவிடுவதை ஸ்லாவா கல்யுகா, பால் அய்ரஸ், பால் சாண்ட்லர், ஜான் ஸ்வெல்லர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இருவரையும் ஒரே பத்தியில் திருப்திப்படுத்த முயன்றால் இருவருக்கும் பயன்படாத நடுத்தர உரைதான் மிஞ்சும். ஆகவே பக்கத்தின் உச்சியில், “ஏற்கெனவே அத்தென்டிகேட்டர் ஆப் பயன்படுத்துபவரா?” என்ற தலைப்பில் மூன்று வரிச் சுருக்கத்தை வைத்தோம். அந்த மூன்று வரிகள், சிறு மாற்றங்களுடன், என் முதல் திருத்தமேதான். அது மோசமான எழுத்து இல்லை. வேறொருவருக்கு எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

மறு சோதனையும் அதன் பிறகும்

புதிய பக்கத்தை வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒருவரும் குறுஞ்செய்திக்குக் காத்திருக்கவில்லை. நான்கு பேர் முடித்தார்கள். மற்றவர், சாவியை நகலெடுத்த பிறகு ஆப்பில் அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நின்றார். அவர் நிறுவியிருந்தது, நான் மனத்தில் வைத்து எழுதிய ஆப் இல்லை. அதில் அந்த வசதியின் பெயரும் இடமும் வேறாக இருந்தன. எல்லா ஆப்களின் திரைகளையும் விவரிக்க ஒரு பக்கம் போதாது. பெரும்பாலும் கூட்டல் குறியைத் தொட்டால் அந்த வசதி தென்படும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். ‘பெரும்பாலும்’ என்பது புதியவருக்கான பக்கத்தில் இருக்கக் கூடாத சொல் என்று தெரிந்தேதான் சேர்த்தேன்.

கைபேசி வழிக்குச் சரியான தீர்வு எழுத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நான் நகலெடுப்பதையும் ஒட்டுவதையும் எவ்வளவு கவனமாக எழுதினாலும், ஒரே கைபேசியில் இருப்பவருக்குக் க்யூஆர் குறியீட்டைக் காட்டுவதே திரையின் பிழை. தொட்டால் அத்தென்டிகேட்டர் ஆப் தானாகத் திறந்து சாவியை வாங்கிக்கொள்ளும்படி ஒரு பொத்தானை வைக்க முடியும். நிரல் எழுதுபவர்களிடம் சோதனையில் கண்டதைச் சொன்னபோது அவர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். அந்தப் பொத்தான் வந்ததும் கைபேசி வழியில் இருந்த நான்கு பத்திகளையும், ‘பெரும்பாலும்’ என்ற வாக்கியத்தையும் நீக்கினேன். அங்கே இப்போது இருப்பது ஒரே வரி: “‘ஆப்பில் சேர்’ என்ற பொத்தானைத் தொடுங்கள்.”

சில மாதங்களில் அந்தப் பொத்தானின் பெயர் ‘ஆப்பில் திற’ என்று மாறியது. பக்கத்தை மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அப்படி ஒரு பொத்தானே இல்லையே என்று ஒரு புதியவர் எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு, பொத்தான்களின் பெயர்கள் அடங்கிய கோப்பில் எவர் கைவைத்தாலும் உதவிப் பக்கங்களைக் கவனிப்பவருக்குத் தகவல் வரும்படி செய்துகொண்டோம்.